மரச்செருப்பு மரம்: அப்பாவோட பாத்த இத்தாலிப் படம், தமிழ்ல சப்டைட்டில் போட வழி சொல்லுங்க

கம்மாக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். சொந்த ஊரு உசிலம்பட்டிப் பக்கம், வேலை மதுரைல. எர்மானோ ஓல்மி எடுத்த 'தி ட்ரீ ஆஃப் உடன் க்ளாக்ஸ்' படத்த இங்க யாராச்சும் பாத்திருக்கீங்களா? 1978ல கான் திரைப்பட விழால பாம் டோர்ங்கிற பெரிய பரிச வாங்குன படம், ஆனா இத்தாலிப் படம்னு பேச்சு வந்தாலே நம்மாளுக நாலஞ்சு டைரக்டரச் சுத்தியே நின்னுர்றாங்க, ஓல்மி பேர ஒருத்தர் எடுத்து நான் கேட்டதே இல்ல. எனக்கு அது மனசுக்கு ரொம்ப சங்கடமா இருக்கு, ஏன்னா நம்ம பக்கத்து ஆளுக பாக்கவே எடுத்த மாதிரி இருக்கு அந்தப் படம்.

சித்தப்பா மகன் அமெரிக்கால இருந்து வரும்போது க்ரைட்டீரியன் கம்பெனி போட்ட ப்ளூரே டிஸ்க்கு கொண்டுவந்து குடுத்தான். ப்ளூரேய நாடு வாரியா ரீஜன்னு பிரிச்சு வச்சிருக்காங்க, அது ஏ ரீஜன் டிஸ்க்கு, நம்ம நாட்டுக்கு சி ரீஜன், வீட்டு ப்ளேயர்ல ஓடல. ரெண்டு மாசம் பீரோக்குள்ளயே கெடந்துச்சு. அப்பறம் சிநேகிதர் ஒருத்தர்கிட்ட எல்லா ரீஜனும் எடுக்குற ப்ளேயர் இருக்குன்னு தெரிஞ்சு அத இரவல் வாங்கி ஊருக்கே தூக்கிட்டுப் போயி அப்பா கூட உக்காந்து பாத்தேன்.

1898 வாக்குல நடக்குது. வடக்கு இத்தாலில பெர்கமோ சுத்துப்பட்டு, ஒரே பண்ணை வீட்டுல நாலஞ்சு குடும்பம். வீடு, தொழு, நெலம், மரம் எல்லாம் பண்ணையாருது, ஆடுமாட்டுலயும் ஒரு பங்கு அவருது, வெளைஞ்சதுல மூணுல ரெண்டு பங்கு அவருக்கு அளந்துறணும். படம் ஆரம்பிக்கும்போதே இத எழுத்துல போட்டுர்றாங்க. நான் படிச்சுச் சொன்னதும் சாஞ்சிருந்த அப்பா "மூணுல ரெண்டா?"ன்னு நிமிந்து உக்காந்துட்டாரு. எங்க தாத்தா வாரத்துக்கு, அதாவது வெளைச்சல்ல பங்கு குடுத்து, அடுத்தவங்க நெலத்த உழுத ஆளு, அந்தக் கணக்கு அப்பாவுக்கு நல்லாவே தெரியும்.

அன்செல்மோன்னு ஒரு தாத்தா வர்றாரு. ஊரே மாட்டு எரு போடும்போது அவரு மட்டும் கோழி எருவச் சேத்து வச்சு, பனி கெடக்குற காலத்துலயே பேத்தியக் கூட்டிட்டுப் போயி ஒருத்தருக்கும் தெரியாம மண்ணுல போடுறாரு. எதுக்குன்னு அவரு பேத்திகிட்ட சொல்ற வரி வர்றதுக்கு முன்னாடியே அப்பா சொல்லிட்டாரு, "கோழி எரு சூடுடா, மண்ணு வெரசா காயும், செடி முந்தி வரும்". அப்படியேதான் ஆகுது, தக்காளி மத்தவங்களுக்கு ஒரு மாசம் முந்திப் பழுத்து, தாத்தாவும் பேத்தியும் டவுனுக்குக் கொண்டுபோயி விக்கிறாங்க. அப்பா டிவியப் பாத்தே "கெட்டிக்காரக் கெழவன்"ன்னாரு பாருங்க, பக்கத்துக் காட்டுக்காரரப் பத்திப் பேசுற மாதிரி.

அப்பாவுக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. மூணு மணி நேரத்துக்கும் மேல ஓடுற படம், ஒவ்வொரு வரியா நாந்தான் தமிழ்ல சொல்லிட்டு வந்தேன், கடைசில தொண்டை கட்டிருச்சு, ஆனா அவரு ஒரு எடத்துலகூட எந்திரிச்சுப் போகல. இப்ப பெரியப்பா, மாமா எல்லாருக்கும் காட்டணும்னு சொல்றாரு. மந்தைல தெரை கட்டிப் போடலாமான்னு யோசனை. கேக்க வேண்டியது மூணு. டிஸ்க்குல பெர்கமோ வட்டாரப் பேச்சு ஒரு ட்ராக்கு, இத்தாலி ட்ராக்கு ஒண்ணு இருக்கு, எத வைக்க? தமிழ் சப்டைட்டில் நானே எழுதுனா எப்படிச் சேக்குறது? ஒரே ராத்திரில போடவா, ரெண்டாப் பிரிக்கவா?

ஒத்தக்கடை ரசிகன்:
தம்பி, இந்தப் படத்துக்கு ஒரு ஆளு கேள்வி கேட்டு வந்ததே எனக்கு பெரிய சந்தோசம். பெர்கமோ ட்ராக்கத்தான் வைக்கணும், ரெண்டாவது யோசனையே வேணாம். நடிச்ச எல்லாரும் அந்தப் பக்கத்து வெவசாயிங்க, அந்த ஊருச் சனங்க, நடிகருன்னு ஒருத்தரும் கெடையாது, அவங்க வாயில வர்றது அவங்க வீட்டுப் பேச்சு. நம்ம ஊரு கெழவிய "அங்கிட்டுப் போயிட்டு வெரசா வா"ன்னு பேச விட்டுட்டு அதுமேல நியூஸ் வாசிக்கிற தமிழ டப் பண்ணா எப்படி இருக்கும்? இத்தாலி ட்ராக்குல போட்டா அதான் நடக்கும். அர்த்தம் நமக்கு ரெண்டுமே தெரியாது, ஆனா காதுக்குத் தெரியும்.

இன்னொண்ணு, ஓல்மி கதை எழுதி, டைரக்ட் பண்ணி, கேமராவும் அவரே புடிச்சு, எடிட்டிங்கும் அவரே பண்ணது. பெர்கமோல பொறந்தவரு, பாட்டி சொன்ன கதைங்கள மனசுல வச்சுத்தான் எழுதிருக்காரு. அதுக்கு முன்னாடி மின்சாரக் கம்பெனி ஒண்ணுல இருந்துக்கிட்டு அவங்களுக்கு டாக்குமெண்டரியா எடுத்துத் தள்ளுன ஆளு, வேலை செய்யிற கையப் பாக்கத் தெரியும் அவருக்கு. சோளத்த உரிக்கிறது, துணி அலசுறது எல்லாத்தையும் அந்த வேலைக்கு எம்புட்டு நேரம் வேணுமோ அம்புட்டு நேரம் நின்னு காட்டுவாரு, நடுவுல பாஹ்கோட ஆர்கன் இசை வரும், அம்புட்டுதான்.

அதனால ரெண்டாப் பிரிக்காதீங்க. நடுவுல ஒரு டீ குடுங்க, போதும். டிஸ்க்குலயே 1981ல எடுத்த ஒரு மணி நேர டிவி நிகழ்ச்சி ஒண்ணு இருக்கு, ஓல்மியோட பேட்டி, படம் எடுத்த பண்ணை வீடு எல்லாம் அதுல வருது, அத இன்னொரு நாளைக்கு வச்சுக்கங்க.

மேலூர் பொண்ணு:
கம்மாக்கரை அண்ணே, நான் இத மூணு வருசத்துக்கு முன்னாடி லேப்டாப்புல தனியா உக்காந்து பாத்தேன், பாத்துட்டு யார்கிட்டயும் பேச முடியாம இருந்தேன், இப்பதான் ஆளு கெடைச்சிருக்கீங்க. எனக்கு அந்த விதவை அம்மா கதைதான். புருசன் செத்துட்டாரு, ஆறு புள்ளைங்க, ஊர்த்துணி வெளுத்துக் காலந் தள்ளுறாங்க. சாமியாரு வந்து சின்னப் புள்ளைங்க ரெண்ட அநாதை ஆசிரமத்துல சேக்கலாம்னு சொல்றாரு, அந்தம்மா மூத்தவன்கிட்ட கேக்குறாங்க, அவன் ராப்பகலா வேலை பாக்குறேன், ஒருத்தரையும் அனுப்ப வேணாம்ங்கிறான். பதினஞ்சு வயசு இருந்தா அதிகம்.

பெறகு பசு படுத்துரும். டாக்டர் வந்து பாத்துட்டு இனி தேறாது, அறுத்து வித்துருங்கன்னு சொல்லிட்டுப் போயிருவாரு. அந்தம்மா ஒரு காலி பாட்டில எடுத்துக்கிட்டு சாமி கும்புட்டுப் பொலம்பிக்கிட்டே ஓடைல போயி தண்ணி மோந்துட்டு வந்து, பசுவோட வாயத் தூக்கிப் புடிச்சு ஊத்துவாங்க. எங்க அம்மாச்சி மூங்கில் குழாயில கசாயத்த ஊத்துறப்ப மாட்டோட தாடைய இடது கையில அணைச்சுத் தூக்குவாங்க, அச்சு அசல் அதே மாதிரி. நான் அந்த எடத்த நிறுத்திட்டு எங்கம்மாவக் கூப்புட்டுக் காட்டுனேன். அம்மா கொஞ்ச நேரம் பாத்துட்டு, "மடி வத்திப் போயிருக்கு பாரு, அது நெசமாவே நோக்காட்டு மாடுதான்"ன்னாங்க, அப்பறம் பக்கத்துலயே உக்காந்துட்டாங்க, பசு எந்திரிக்கிற வரைக்கும் போகல.

1898ன்னு நீங்க சொன்னதும் தோணுச்சு, நம்ம பெரியாறு அணை தெறந்தது 1895. எங்க மேலூர்ப் பக்கம் கால்வாய்த் தண்ணி வந்து மூணே வருசம் ஆகிருக்கும். இங்க நம்ம பூட்டன் பூட்டியெல்லாம் புதுத் தண்ணில நாத்து நட்டுக்கிட்டு இருந்தப்ப அங்க அவங்க பண்ணையாருக்கு சோளம் அளந்துக்கிட்டு இருந்திருக்காங்க. அந்தக் காலத்து நம்மாளுகளோட ஒரு நாள் பொழுத இப்படி மூணு மணி நேரம் பாக்க நமக்கு ஒரு படம் இல்லையேன்னு நெனச்சா ஏக்கமா இருக்கு.

ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிருங்கண்ணே, பன்னி அறுக்கிற காட்சி நெசமா அறுத்தது, வாத்து வெட்டுறதும் உண்டு. சின்னப் புள்ளைங்க இருந்தா அந்த நேரம் வெளிய கூட்டிட்டுப் போயிருங்க.

சிம்மக்கல் தோழர்:
படம் அழகு, மறுக்கல. ஆனா எனக்கு ஒரு கோவம் இருக்கு, எழுதியே ஆகணும். அந்தப் பண்ணைல இருக்குற வெவசாயி பாட்டிஸ்டியோட மகன் மீனெக் பள்ளிக்கூடம் விட்டு வர்றப்ப மரச்செருப்பு ஒடஞ்சுருது, ஒத்தக் கால் வெறுங்காலா வீட்டுக்கு நடந்து வர்றான். அப்பன் ராத்திரியோட ராத்திரியா ஓடைக்கரையில பண்ணையாரு மரத்துல ஒண்ண வெட்டிக் கொண்டுவந்து செருப்பு செதுக்குறான். அது தெரிஞ்சதும் குடும்பத்தையே வெளியேத்துறாங்க. வண்டில சாமான் ஏத்துறப்ப மத்த குடும்பத்துல ஒருத்தன், ஒரே ஒருத்தன், வெளிய வந்து ஒரு வார்த்தை பேசல. ஜன்னலுக்குப் பின்னாடி நின்னு பாக்குறான், ஜெபம் பண்றான். மிலான்ல அதே 1898 மே மாசம் ரொட்டி வெலைக்காகத் தெருவுக்கு வந்த சனத்துமேல பீரங்கி வச்சு சுட்டாங்க. படத்துல புதுசா கல்யாணம் ஆன ஜோடி படகுல மிலானுக்குப் போகும்போது புடிச்சுக் கட்டி இழுத்துட்டுப் போற ஆளுங்களப் பாத்து ஒதுங்கிப் போகுதுங்க, அதோட முடிஞ்சுருது. ஓல்மி ஏன் அதுக்குள்ள போகல? படம் வந்தப்பவே அங்க இடதுசாரிங்க இதத்தான் கேட்டாங்க, எனக்கும் அதே கேள்விதான்.

கம்மாக்கரை:
தோழர், உங்க கோவம் எனக்கும் வந்துச்சு, ஆனா அப்பா கூடப் பாத்ததுனால வேற மாதிரி எறங்குச்சு. அவங்க வெளிய வந்தா அடுத்த வண்டி அவங்க வீட்டு வாசல்ல நிக்கும், அது அந்த ஜன்னல்ல நிக்கிற ஒவ்வொருத்தருக்கும் தெரியும். மரமும் பண்ணையாருது, அவங்க படுக்குற கூரையும் பண்ணையாருதுன்னு மொதல்லயே எழுதிக் காட்டுனது எதுக்குன்னு நெனைக்கிறீங்க? வண்டி கெளம்பிப் போனதுக்கு அப்பறந்தான் எல்லாரும் முத்தத்துக்கு வர்றாங்க, இருட்டுக்குள்ள அந்த வெளக்கு வெளிச்சம் சின்னதாகிட்டே போகுது. நம்ம பக்கம் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்ததே 1955லதான், அதுக்கு முன்னாடி வாரத்துக்கு உழுதவன எறக்கி விட ஒரு சொல்லு போதும்னு அப்பா சொன்னாரு. எங்க தாத்தாவும் ஒரு தடவ அப்படி ஒரு எடத்த விட்டுக் கெளம்பியிருக்காராம், எந்த ஊருல, யாரு நெலம்னு நான் கேட்டேன், சொல்ல மாட்டேன்னுட்டாரு.

படம் முடிஞ்சு வெளக்கு அணைச்சுப் படுத்தாச்சு. விடியக்காலைல தொழுவுல பால் பீச்சிக்கிட்டு இருந்தவரு என்னயப் பாத்ததும் கேட்டது, "இனி அவய்ங்க எங்கடா போவாய்ங்க?" பதில் எனக்குத் தெரியலப்பான்னேன். பீச்சிட்டே இருந்தாரு. அந்தக் கேள்விய ஓல்மி நம்மகிட்ட விட்டுட்டாரு தோழர், நீங்க அவர்கிட்ட கேக்குறதும் கிட்டத்தட்ட அதே கேள்விதான்.

சிம்மக்கல் தோழர்:
ஜன்னல் விஷயம் நீங்க சொல்றது நியாயம். அத ஒத்துக்கிறேன். மிலான் விஷயத்துல என் கருத்து மாறல. ஆனா நீங்க போடும்போது நானும் வர்றேன், உங்க அப்பா பக்கத்துல உக்காந்து பாக்கணும் எனக்கு.

வில்லாபுரம் சிஸ்டம்ஸ்:
சப்டைட்டில் கேள்விக்கு யாரும் பதில் சொல்லலையே. ப்ரோ, 'சப்டைட்டில் எடிட்'னு ஒரு ஃப்ரீ சாஃப்ட்வேர் இருக்கு. இங்கிலீஷ் சப்டைட்டிலோட எஸ்ஆர்டி ஃபைலத் தெறந்தா எந்த வரி எப்ப வரணும்ங்கிற நேரமெல்லாம் ஏற்கெனவே இருக்கும், நீங்க ஒவ்வொரு வரியையும் தமிழ்ல மாத்திட்டே போனாப் போதும். சேவ் பண்ணும்போது என்கோடிங்ங்கிற எடத்துல யூடிஎஃப் 8னு வச்சுப் பண்ணணும், இல்லாட்டி தமிழ் எழுத்து சரியா வராமப் போகலாம். விஎல்சி ப்ளேயர் சாஃப்ட்வேர்ல ஓட்டுனா செட்டிங்ஸ்ல சப்டைட்டில் ஃபான்ட்ட நோட்டோ சான்ஸ் தமிழ் மாதிரி ஒண்ணுக்கு மாத்திருங்க, இல்லாட்டி எழுத்து கட்டம் கட்டமா வரலாம். எழுத்துச் சைஸ் பெருசா வைங்க, ஒரு வரிக்கு அஞ்சாறு வார்த்தைக்கு மேல போகாதீங்க, பெரியவங்க எழுத்துக் கூட்டி வாசிக்கணும்ல.

மந்தைல வேணாம் ப்ரோ. டிஸ்க்கு வீட்டுல பாக்கத்தான், பொது எடத்துல போடுறதுக்கு உரிமை தனியா வாங்கணும். வீட்டு முத்தத்துல சொந்தக்காரங்கள வச்சுப் பாருங்க.

ஒத்தக்கடை ரசிகன்:
எழுத்து வாசிக்க வராதவங்களுக்கு நீங்க அப்பாவுக்குச் சொன்ன மாதிரியே சொல்லுங்க தம்பி. அந்தக் குதிரை வர்ற எடம், ஃபினார்ட்ங்கிற வெவசாயி தங்கக் காச குளம்புக்குள்ள ஒளிச்சு வச்சுட்டு அப்பறம் தேடிப் பாத்துட்டு காணோம்னு குதிரையத் திட்டி அடிக்கிறப்ப அது திருப்பித் தொரத்தும்ல, அங்க மட்டும் ஒண்ணுமே சொல்லாதீங்க. சனம் தானாப் புரிஞ்சுக்கும்.

கம்மாக்கரை:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பெர்கமோ ட்ராக்கு, ஒரே ராத்திரி, எங்க வீட்டு முத்தம், முடிவு பண்ணியாச்சு. நேத்து ராத்திரில இருந்து எழுத ஆரம்பிச்சுட்டேன், மொத 40 நிமிஷம் முடிஞ்சுருக்கு. கேரக்டர் எல்லாம் நம்ம உசிலம்பட்டிப் பேச்சுதான் பேசுது, "வந்துட்டாய்ங்க", "அங்கிட்டு வை"ன்னு. ஒரு எடத்துல மாட்டிக்கிட்டேன், அந்த செருப்புக்கு என்ன போட? மொதல்ல பாதக்குறடுன்னு எழுதுனேன், அப்பாகிட்ட வாசிச்சுக் காட்டுனா அது சாமியாருங்க போடுறதுடா, பள்ளிக்கூடத்துப் பய எதுக்குப் போடப் போறான்னுட்டாரு. மிதியடின்னாலும் வாசல்ல போடுற மேட்டுதான் ஞாபகத்துக்கு வருது.

மேலூர் பொண்ணு:
மரச்செருப்புன்னே போடுங்கண்ணே. எங்கம்மாகிட்ட நான் அப்படித்தான் சொன்னேன், ஒடனே புரிஞ்சுச்சு. அம்மாவையும் கூட்டிட்டு வரலாமா?

கம்மாக்கரை:
கட்டாயம் கூட்டிட்டு வாம்மா. அறுப்பு முடிஞ்சு நெல்லு வீடு வந்து சேந்ததும் வைக்கலாம்னு அப்பா சொல்லிருக்காரு. தேதிய இங்கயே போடுறேன். ராத்திரி சாப்பாடு எங்க வீட்டுலதான், படம் ஏழு மணிக்கு ஆரம்பிச்சுரும், அம்மாவுக்கு சாஞ்சு உக்கார ஈசிசேர் இருக்கு.