லூபஸ் உள்ளவர்கள் வெளிநாட்டில் ஆன்டிபயாடிக் உட்கொள்ளும் முன்

உடலின் நோயெதிர்ப்பாற்றல் உடலையே தாக்கும் லூபஸ் நோய் உள்ள மனைவியுடன் வேளச்சேரியிலிருந்து பிரிட்டனின் பர்மிங்காமுக்குக் குடிபெயர்ந்திருக்கும் தம்பி, அவருக்குச் சிறுநீர்த்தொற்றோ நெஞ்சுச்சளியோ வந்தால் எந்த ஆன்டிபயாடிக்கை நம்பி உட்கொள்ளலாம் என்று கேட்டிருந்தார். இந்நோயுடன் வேறு நாடுகளுக்குப் புறப்படுவோருக்கும் பயன்படும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சென்னையில் ஒரே ருமட்டாலஜி (மூட்டு, தசை நோய்) மருத்துவர் ஆண்டுக்கணக்கில் பார்த்துவந்திருப்பார்; எந்த மருந்து ஆகாது என்பது அவர் நினைவிலேயே இருந்திருக்கும். வெளிநாட்டில் அவசரத்துக்குச் செல்லும் இடத்தில் முன்பின் அறியாத மருத்துவர் சில நிமிடங்களில் மருந்து எழுதுவார். அந்த நினைவை இனி நோயாளியும் குடும்பத்தாருமே சுமக்க வேண்டும்.

முதலில் சொல்ல வேண்டியது சல்ஃபா வகையைப் பற்றி. நம் ஊரில் செப்ட்ரான் என்று விற்கும் மாத்திரைதான் அமெரிக்காவில் பாக்ட்ரிம், பிரிட்டனில் கோ-டிரைமாக்ஸசோல். லூபஸ் உள்ளவர்களுக்கு இதனால் ஒவ்வாமை ஏற்படுவது மற்றவர்களைவிட அதிகம். தோல் தடிப்பு, காய்ச்சல், இரத்த அணுக்கள் குறைதல் ஆகியவற்றோடு, அடங்கியிருந்த நோயே மீண்டும் கிளம்பவும் கூடும். அமெரிக்காவில் சிறுநீர்த்தொற்றுக்கு இதைச் சாதாரணமாக எழுதுவதால், மருந்துச்சீட்டு கைக்கு வரும் முன்பே "எனக்கு லூபஸ் இருக்கிறது, சல்ஃபா ஆன்டிபயாடிக் வேண்டாம்" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். கடுமையான நோயெதிர்ப்புத் தடுப்பு மருந்துகள் தரும்போது, ஒருவகை நிமோனியாவைத் தடுப்பதற்காகச் சிறப்பு மருத்துவரே இதைத் தெரிந்து தருவதும் உண்டு. அது அவர் எடைபோட்டு எடுக்கும் முடிவு.

பிரிட்டனில் சிறுநீர்த்தொற்றுக்கு, சல்ஃபா சேராமல் டிரைமெத்தோபிரிமைத் தனியாகத் தருவதுண்டு. இது சல்ஃபா அன்று. ஆனால் நோயெதிர்ப்பைத் தணிக்கும் மெத்தோட்ரெக்ஸேட் உட்கொள்பவருக்கு இது பேராபத்து: இரண்டுமே உடலில் ஃபோலேட் என்னும் வைட்டமினின் வேலையைத் தடுப்பதால் எலும்பு மஜ்ஜை இரத்த அணுக்களை உருவாக்க இயலாமல் போகலாம். இங்கிலாந்தில் 2024 ஜனவரி முதல் சிக்கலற்ற சிறுநீர்த்தொற்றுள்ள பெண்களுக்கு மருந்தாளுநரே நைட்ரோஃபியூரன்டாயின் தரும் ஏற்பாடு இருக்கிறது. லூபஸால் சிறுநீரகம் தளர்ந்திருந்தால் அந்த மருந்து ஏற்றதாக இராது. உங்கள் மருந்துகளைக் கேட்டபின் மருந்தாளுநர் ஜி.பி. எனும் குடும்ப மருத்துவரிடம் அனுப்பினால், தட்டிக்கழிக்கிறார் என்று எண்ண வேண்டாம்.

அடுத்து, சென்னையிலிருந்து வருபவர் பெட்டியில் தவறாமல் இருக்கும் அசித்ரோமைசின். லூபஸுக்கு வழக்கமாகத் தரும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயினும் இந்த ஆன்டிபயாடிக்கும் சேரும்போது இதயத்தின் மின்துடிப்பு ஒழுங்கு கெட வாய்ப்புண்டு. ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்களோ பொட்டாசியம் குறைந்தவர்களோ இ.சி.ஜி. பார்க்காமல் தொடங்கக் கூடாது. சிப்ரோஃபிளாக்சசினுக்கும் இதே எச்சரிக்கை உண்டு. அதோடு ஸ்டீராய்டு உட்கொள்பவர்களுக்குக் குதிகால் தசைநாண் அறுந்துபோகும் அபாயமும் கூடுகிறது. இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் உட்கொள்பவர்கள் எந்த ஆன்டிபயாடிக் தொடங்கினாலும், இரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையை வழக்கமான நாளுக்குக் காத்திராமல் சில நாள்களிலேயே செய்துகொள்ள வேண்டும். முகப்பருவுக்குத் தரும் மினோசைக்ளின் தானே லூபஸ் போன்ற நிலையை உண்டாக்கக் கூடியது என்பதால் அதையும் தவிர்ப்பது நல்லது.

இவற்றையெல்லாம் படித்துவிட்டு ஆன்டிபயாடிக் என்றாலே அஞ்சி ஒதுங்குவது அதைவிடப் பெரிய ஆபத்து என்பதை அழுத்தமாகச் சொல்கிறேன். ஒவ்வாமை இல்லாதவர்களுக்குப் பெனிசிலின், செஃபலோஸ்போரின் வகைகள் பொதுவாக ஏற்றவையே. நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்து உட்கொள்பவருக்கு 38 செல்சியஸ் பாகையைத் தாண்டிக் காய்ச்சல் அடித்தால், அது லூபஸா தொற்றா என்று வீட்டில் இருந்தபடி ஊகிக்காமல் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். காய்ச்சலின்போது ஸ்டீராய்டைத் தாமாக நிறுத்துவது உயிருக்கே உலை வைக்கும். அசதையோப்ரின், மைக்கோஃபெனோலேட் போன்ற நோயெதிர்ப்புத் தடுப்பு மருந்துகளைத் தற்காலிகமாக நிறுத்தலாமா என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். ஊரிலிருந்து கொண்டுவந்த மிச்ச மாத்திரைகளைப் போட்டுப் பார்க்கும் வழக்கத்தையும் கைவிடுங்கள். இந்தியாவிலேயே 2014 முதல் பல ஆன்டிபயாடிக்குகள் எச்1 பட்டியலில் வந்துவிட்டன; சீட்டின்றி விற்கக் கூடாதவை அவை.

கிளம்பும் முன் சென்னை மருத்துவரிடம் ஒரு பக்கக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். அதில் நம் ஊர் வணிகப் பெயர்கள் மட்டும் இருந்தால் அங்கே ஒருவருக்கும் புரியாது. வைசொலோனைப் பிரெட்னிசோலோன் என்றும், எச்.சி.க்யூ.எஸ்ஸை ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் என்றும், அசோரானை அசதையோப்ரின் என்றும் அளவோடு எழுதச் சொல்லுங்கள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் அண்மைய கிரியாட்டினின் அளவும், முன்பு எந்த மருந்துக்கு என்ன நேர்ந்தது என்பதும் அதில் இருக்கட்டும். வாந்தி வந்ததும் மூச்சுத்திணறியதும் மருத்துவருக்கு ஒன்றல்ல. தம்பி, நீங்கள் ஜி.பி.யிடம் பெயர் பதியும் அன்றே இந்த ஒவ்வாமை விவரங்களைக் கணினிப் பதிவில் ஏற்றும்படி கேளுங்கள். நள்ளிரவில் அவசரப் பிரிவுக்குப் போக நேர்ந்தாலும் அங்குள்ள மருத்துவர் அதைத் திறந்து பார்க்க வழியிருக்கும்.