ஜெர்மனி பியர்: லேபிளைப் படிக்கறது எப்படி, எதுல ஆரம்பிக்கறது?

கேள்வி:
மியூனிக்குக்குப் புதுசு. கடையில அம்பது வகை பியர் அடுக்கி வச்சிருக்காங்க. ஊர்ல ஸ்ட்ராங், லைட் ரெண்டுதான் தெரியும்; இங்க பேரே வாயில நுழையல. கசப்பு எனக்கு ஆகாது. எதை எடுக்கறது? ஒரு பாட்டில்ல 12.5%னு போட்டிருக்கு, அது பியர்தானா?

பதில்:
தம்பி, பயப்படாதீங்க. அந்த 12.5 ஆல்கஹால் இல்ல. பக்கத்துல ஷ்டாம்வூர்ட்சேன்னு எழுதியிருக்கும். புளிக்க வைக்கறதுக்கு முன்னாடி மால்ட் (முளைகட்டிக் காய வச்ச தானியம்) சாறுல எவ்வளவு சத்து கரைஞ்சிருந்ததுங்கற அளவு அது. முக்கால்வாசி சர்க்கரைதான். ஆல்கஹாலுக்கு 'வோல்' போட்ட எண்ணைப் பாருங்க. 12.5 இருந்தா பொதுவா 5.3 பக்கம் வரும்.

கசப்பு ஆகாதுன்னா ஹெல்லஸ் எடுங்க. மியூனிக்கோட தினப்படி பியர் அதுதான். 5% சுமாருக்கு இருக்கும், புது ரொட்டியோட உள்பக்க வாசனை, லேசான மால்ட் இனிப்பு. கசப்பு அளவு 20 ஐ.பி.யூ. பக்கம். பில்ஸும் அதே பொன்னிறம்தான், நிறத்தைப் பார்த்து ஏமாறாதீங்க. அதுல கசப்பு 25ல ஆரம்பிச்சு 40 வரைக்கும் போகும். வடக்க போகப் போகக் கசப்பு ஏறும்.

ஷ்டாம்வூர்ட்சே நிஜமாவே உதவற இடம் போக்குங்கற ஸ்ட்ராங் பியர் வகை. 16க்கு மேல இருந்தாத்தான் போக், 18க்கு மேல டொப்பெல்போக். சால்வாட்டோர் மாதிரி 'ஆட்டோர்'னு முடியற பேரெல்லாம் இந்த ரெண்டாவது கூட்டம். ஆல்கஹால் பொதுவா 7%க்குக் குறையாது. ஆனா கருப்பட்டி மாதிரி இனிக்கறதால நாக்குக்குத் தெரியாது, எழுந்திருக்கும்போது காலுக்குத்தான் தெரியும்.

பதில்:
அண்ணை, வைஸ்பியரை, அதுதான் கோதுமை பியரை, விட்டிட்டியள். அதில வாற வாழைப்பழ வாசமும் கராம்பு வாசமும் ஈஸ்ட் செய்யிற வேலை, பழமும் போடுறேல்ல கராம்பும் போடுறேல்ல. தானியத்தில பாதியாவது கோதுமை மால்ட் இருக்கோணும். ஊத்திறதிலதான் எல்லாரும் பிழை விடுறது. உயரமான அரை லீற்றர் கிளாஸைக் குளிர் தண்ணியில அலசுங்கோ, துடைக்க வேண்டாம். காய்ஞ்ச கிளாஸ் எண்டால் நுரை பொங்கி மேசையில வழியும். கிளாஸை நல்லாச் சரிச்சு, உள் விளிம்போட மெல்ல ஊத்துங்கோ. ரெண்டு விரல் அளவு மிச்சம் இருக்கேக்க நிப்பாட்டி, போத்தலைச் சுழட்டி, அடியில படிஞ்ச ஈஸ்டையும் சேர்த்து ஊத்தோணும். 'கிறிஸ்டால்' எண்டு போட்டிருந்தால் அது வடிச்சது, சுழட்ட ஒண்டும் இராது.

எங்கட இலங்கைக் கறுப்பு பியர் லயன் ஸ்டவுட் குடிச்சுப் பழகின ஆக்களுக்கு ஒரு சொல்: ஷ்வார்ட்ஸ்பியர் கறுப்பெண்டாலும் லாகர்தான், குளிரில மெதுவாப் புளிக்க வைக்கிற வகை. 5% சுத்தி, வாயில மெல்லிசு, கோப்பி வாசம் சாடையா வரும். 8.8% ஸ்டவுட்டின்ர தடிப்பை அதில தேடக்கூடாது. பாம்பெர்க் ஊர் ரௌக்பியர் வேற கதை. பீச் விறகுப் புகையில மால்ட்டைக் காய வைக்கிறதால முதல் வாய்க்கு மாசிக் கருவாடுதான் ஞாபகம் வரும். அரைக் கிளாஸ் போகட்டும், அதுக்குப் பிறகு முடிவெடுங்கோ.

கேள்வி:
நன்றி அண்ணா. பிரியாணிக்கு ஐ.பி.ஏ. (இந்தியா பேல் ஏல்) பியர் பொருத்தம்னு ஆபீஸ்ல சொல்றாங்களே?

பதில்:
எனக்கு உடன்பாடில்லை. அதுல போடற ஹாப்ஸ்ங்கற பூவோட கசப்பும் 6, 7% ஆல்கஹாலும் சேர்ந்தா மிளகாய்க் காரம் இன்னும் எரியும். காரசாரமான சாப்பாட்டுக்கு ஹெல்லஸ், இல்லைன்னா வைஸ்பியர். மீன் வறுவலுக்கு மட்டும் பில்ஸ் சரியா வரும், எண்ணெயை அறுக்கும். லைப்சிக் ஊர் கோஸே பியர் கிடைச்சா விடாதீங்க. கொத்தமல்லி விதை, உப்பு, தயிர்ல வர்ற அதே லாக்டிக் புளிப்பு. நீர்மோர் குடிச்ச நாக்குக்கு அது அந்நியம் இல்ல.

ஐ.பி.ஏ. குடிச்சே ஆகணும்னா கேனோட அடியில தேதியைப் பாருங்க. கலங்கலா இருக்கற வகையில மாம்பழ வாசம், தெளிவா இருக்கற வெஸ்ட் கோஸ்ட் வகையில பம்ப்ளிமாஸ் தோல், பைன் பிசின் வாசம். எல்லாம் ஹாப்ஸ் தர்றது, மாசம் ஆக ஆக முதல்ல அதுதான் போகும். கசப்பு மட்டும் மிச்சம் நிக்கும். நனைஞ்ச அட்டைப்பெட்டி வாசம் வந்தா காத்துபட்டுப் பழசானது. எரிஞ்ச ரப்பர் மாதிரி நாறினா வெளிச்சம் பட்டது. பச்சை பாட்டிலும் வெள்ளை பாட்டிலும் வெளிச்சத்தைத் தடுக்காது, ஷோகேஸ்ல நிக்கறதை எடுக்காதீங்க.

பதில்:
காசு விஷயம்: சாதா கண்ணாடி பாட்டிலுக்கு 8 சென்ட் டெபாசிட், கம்பி மூடி பாட்டிலுக்கு 15, கேனுக்கு 25. இருபது பாட்டில் கிரேட் எடுத்தா காலிப் பெட்டிக்கு 1.50 சேர்த்து 3.10 யூரோ. பெட்டியோட திருப்பிக் குடுத்தா மொத்தமும் வரும். கேனை நசுக்கிடாதீங்க, திருப்பி வாங்கற மெஷின் அதுல இருக்கற பார்கோடைப் படிக்காது.

ஆல்கோஹோல்ஃப்ரைன்னு போட்டதுலயும் 0.5% வரைக்கும் இருக்கலாம். துளிகூட வேண்டாம்னா 0,0னு போட்டதைத் தேடுங்க. கார் ஓட்ட ரத்தத்துல 0.5 ப்ரோமில்லே (ஆயிரத்துல அரை பங்கு) ஆல்கஹால் வரம்பு. லைசென்ஸ் வாங்கி ரெண்டு வருஷம் ஆகலைன்னா, இல்ல 21 வயசு ஆகலைன்னா, சுத்தமா பூஜ்யம்.

பியர்கார்ட்டன்ல (திறந்தவெளி பியர் தோட்டம்) மேசை விரிப்பு இல்லாத இடமாப் பார்த்து உட்கார்ந்தா சாப்பாடு வீட்டிலிருந்தே கொண்டு போகலாம், புளியோதரை உட்பட. குடிக்கறதை மட்டும் அங்க வாங்கணும்.

கொலோன் பக்கம் போனா அந்த ஊர் பியர் கோல்ஷ் 0.2 லிட்டர் கிளாஸ்ல வரும். காலியான உடனே கேக்காமலே அடுத்தது வரும், கிளாஸுக்கு அடியில வைக்கற அட்டையில கணக்குக்கு ஒரு கோடு ஏறும். போதும்னா அந்த அட்டையை எடுத்து கிளாஸ் மேல மூடி வைங்க.