ஜீப்பில் பின் ஆக்ஸில் மாற்றியபின் அதிர்வு: பெங்களூருவில் யாராவது வழி சொல்லுங்கள்

வண்டி மஹிந்திரா சிஜே-3பி, ஃபோர் வீல் டிரைவ், சுற்றிலும் லீஃப் ஸ்பிரிங். பழைய பின் ஆக்ஸிலில் சக்கர ஹப்பை ஷாஃப்ட்டின் கூம்பு முனையில் ஒரு சின்னச் சாவிதான் (பள்ளத்தில் செருகும் இரும்புத் துண்டு) பிடித்திருக்கும். பெரிய டயர் போட்டுப் பாறையில் ஏறினால் அது எத்தனை நாள் தாங்கும்? அறுந்துவிட்டது. ஏப்ரலில் சிவாஜி நகர் குஜிரியில் (பழைய பாகச் சந்தை) ஒரே துண்டு ஷாஃப்ட் உள்ள கனமான ஆக்ஸில் கிடைத்தது. உள்ளே கிரவுன் என்ற பெரிய பல்சக்கரத்தில் பல் 43, அதைச் சுழற்றும் பினியன் என்ற சின்னதில் பல் 8, அதாவது விகிதம் 5.38. முன்பக்கமும் அதே விகிதம் என்பதால் அந்தச் சந்தேகம் வேண்டாம்.

ஸ்பிரிங் உட்காரும் சீட்டை ஆக்ஸில் குழாயில் புதிதாக வெல்டு செய்து ஏற்றினோம். அன்றிலிருந்து 50 கி.மீ. வேகம் தாண்டியதும் தரை முழுக்க நடுக்கம். ஆக்ஸிலரேட்டரை விட்டால் சட்டென்று அடங்குகிறது, மிதித்தால் மறுபடி. பினியன் ஆயில் சீலும் கசிய ஆரம்பித்துவிட்டது.

ஜே.சி. ரோட்டில் புரொப்பல்லர் ஷாஃப்ட்டை (பின் ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு) பேலன்ஸ் செய்தாயிற்று. அதன் இரு முனையிலும் உள்ள மூட்டுகளின் கிராஸ் இரண்டும் புதிது. டயரை மாற்றிப் போட்டும் பார்த்தேன். மெக்கானிக் அண்ணன் "ஓட ஓட சரியாகிவிடும்" என்கிறார். எனக்கு நம்பிக்கை இல்லை.

அப்புறம் கோணமானி வைத்து அளந்தேன். அந்த ஷாஃப்ட்டின் முன்முனை மாட்டும் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஃபிளாஞ்ச் 3 டிகிரி கீழ்நோக்கி, பினியன் 8 டிகிரி மேல்நோக்கி. இரண்டும் இணையாக இருக்க வேண்டியவை, அதாவது பினியனும் 3 டிகிரிதான் மேல்நோக்க வேண்டும். மிதிக்கும்போது ஸ்பிரிங் முறுக்கி பினியன் மூக்கு இன்னும் தூக்கும்.

ஸ்பிரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவே 5 டிகிரி இரும்பு ஆப்பு வைத்தால், காட்டு வழியில் நிற்குமா. இல்லை, ஆக்ஸில் குழாய் சூட்டில் வளையும் அபாயம் இருந்தாலும் சீட்டை வெட்டி மறுபடி வெல்டு செய்வதுதான் சரியா?