இழை: அனோடை ‘நேர்மின்வாய்’ என்று எழுதலாமா? (திங்களுக்குள் வேண்டும்)

வணக்கம். திண்ம ஆக்சைடு எரிபொருள் கலம் (எரிபொருளை எரிக்காமலே மின்சாரம் தரும் கலம்) பற்றி வகுப்புக்குத் தமிழில் குறிப்பு எழுதுகிறேன். வழக்கப்படி அனோடை ‘நேர்மின்வாய்’ என்றேன். மின்னாற்பகுப்பில் அது சரி. எரிபொருள் கலத்திலோ அனோடுதான் எதிர்முனை! “நேர்மின்வாயில் நிக்கல் துகள்கள் திரண்டு பருப்பதால் திறன் குறைகிறது” என்று எழுதி, பக்கத்துப் படத்தில் அதே முனைக்குக் கழித்தல் குறி போட்டிருக்கிறேன். பிள்ளைகள் விடமாட்டார்கள்.
– செ.

அம்மா, ஆக்சிஜனேற்றம் நடப்பது அனோடில், ஒடுக்கம் காதோடில். எனவே ஏற்றவாய், ஒடுக்கவாய். 1834-இல் ஃபாரடே, ஹியூவெல் என்ற ஆங்கிலேய அறிஞரிடம் மடலில் கேட்டுப் பெற்ற கிரேக்கச் சொல் அனோடு. மேலேறும் வழி என்று பொருள். நம் ஏற்றமும் மேலேறுவதே! கிணற்று ஏற்றம், மலையேற்றம், விலையேற்றம்...
– புலவர்

> விலையேற்றம்

ஐயா, போதும். இலங்கையில் நாங்கள் அனோட்டு, கதோட்டு என்றே படித்தோம். குறிக் குழப்பமே வரவில்லை.
– யாழ்.

ஓட்டுக் கேட்பவர்களுக்கு வேண்டுமானால் அது உதவும்.
– புலவர்

இதே கலத்தைத் திருப்பி இயக்கினால் நீராவியைப் பிரித்து ஹைட்ரஜன் தரும். அப்போது நிக்கல் பக்கம் காதோடாகிவிடும். ஏற்றவாய் காலையில் ஏற்றவாய், மாலையில் ஒடுக்கவாயா? ஆய்வுக்கூடத்தில் எரிபொருள் பக்கம், காற்றுப் பக்கம் என்போம். வடிவமைப்புக்கும் அதுதான் தோது. எரிபொருள் பக்கத்தைத் தடித்த தாங்கியாக்கினால் மின்பகுளியை, அதாவது இரு பக்கங்களுக்கும் நடுவே அயனிகளைக் கடத்தும் படலத்தை, பத்து மைக்ரோமீட்டர் அளவுக்கு மெலிதாக்கலாம். தடை குறையும், 700–800 டிகிரி செல்சியஸிலேயே ஓட்டலாம். ஆனால் எரிவளி நின்று காற்று புகுந்தால் நிக்கல் மறுபடி ஆக்சைடாகி உப்பும். தாங்கியே உப்பினால் அந்த மெல்லிய படலம் விரிசல் விடாமல் என்ன செய்யும்? காற்றுப் பக்கத்து நோய் வேறு: கலத்தோடு கலத்தை இணைக்கும் தகட்டு எஃகின் குரோமியம் ஆவியாகி வந்து படிந்து, ஆக்சிஜன் வினைபுரியும் இடங்களை அடைத்துக்கொள்ளும். தகட்டுக்குப் பூச்சு கொடுப்பது அதற்காகத்தான். நோய் எந்தப் பக்கம் என்று தெரிந்தால் போதாதா?
– பொறியாளன்

சரி, ‘எரிபொருள்முனை’, ‘காற்றுமுனை’ என்றே போடுகிறேன். முதல் இடத்தில் மட்டும் அனோடு, காதோடு என்றும் சொல்லிவிடுவேன். புலவர் ஐயா பொறுத்தருள்க.
– செ.

எனக்கும் சம்மதம். தூங்கப் போகிறேன்.
– யாழ்.

முனை என்றால் கூர். உங்கள் பொருளோ தட்டை. ‘வாய்’ என்றாலாவது நுண்துளைகளில் வளி புகுவது விளங்கும். என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். அப்புறம், காதோடு என்பது ‘காதோடு பேசினாள்’ போல ஒலிக்கிறது. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.
– புலவர்