ரெஃபரன்ஸ் பட்டியலில் பட்ட பாடு: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள் (ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்)

இரவுப் பணி

பொது மருத்துவம் பி.ஜி. முடிக்கும் வருடம். கண்ணாடி விரியன் கடித்து சிறுநீரகம் பழுதான நோயாளிகளைப் பற்றி ஒரு பேப்பர். 34 ரெஃபரன்ஸ் (ஆதாரமாகக் காட்டும் கட்டுரைகள், நூல்கள்), எல்லாமே கையால் டைப் அடித்தவை. அனுப்ப வேண்டிய நாளின் சாயங்காலம் கைடு கூப்பிட்டு, "உலக சுகாதார நிறுவனத்தோட 2016 பாம்புக்கடி வழிகாட்டியை முன்னுரையிலேயே போட்டுடும்மா" என்றார். போட்டேன். உரையில் வரும் வரிசைப்படிதான் ரெஃபரன்ஸுக்கு எண், அதனால் அது 3 ஆனது. ஆக, பழைய 3 முதல் 34 வரை எல்லாமே ஒன்று தள்ள வேண்டும்.

ஃபைண்ட்-ரீப்ளேஸ் இருக்கிறதே என்று உட்கார்ந்தேன். 3-ஐ எல்லாம் 4 ஆக்கினேன். அடுத்து 4-ஐ எல்லாம் 5 ஆக்கினேன். அப்புறம்தான் உறைத்தது, முதலில் 4 ஆக மாறிய பழைய 3-களும் சேர்ந்தே 5 ஆகிவிட்டன. அது போதாதென்று, முடிவுகள் பகுதியில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் ரத்த அளவு) 3.4 என்று இருந்த நோயாளிக்கு இப்போது 5.5. வயது, நாள், விஷமுறிவு மருந்துக் குப்பிகளின் எண்ணிக்கை, எதுவும் தப்பவில்லை. பழைய காப்பி மெயிலில் இருந்ததால் பிழைத்தேன்.

விடிய விடியச் சரிசெய்து அனுப்பினால், நான்கே நாளில் திரும்பி வந்தது. ரிவியூவர், அதாவது பேப்பரை மதிப்பிடும் நிபுணர், கைக்கே போகவில்லை. ரெஃபரன்ஸ் எதுவும் அவர்கள் கேட்ட வடிவத்தில் இல்லையாம். ஆறு ஆசிரியர் பெயர், அதற்கு மேல் இருந்தால் 'எட் ஆல்' (மற்றும் பிறர்) என்று கேட்டிருந்தார்கள். நான் அங்கங்கே காப்பி அடித்ததில் சிலதில் மூன்று பெயர், ஒன்றில் பதினொன்று.

அதன் பிறகுதான் ரெஃபரன்ஸுக்குத் தானாக எண் போட்டுப் பட்டியலிடும் ஸோட்டெரோ என்ற மென்பொருளுக்கு மாறினேன். இலவசம், வேர்டோடு ஒட்டிக்கொள்ளும். முதல் தடவை பட்டியல் போட்டதும் மூன்றாவது வரியில் புதிதாக ஒரு ஆசிரியர் நின்றார்: 'ஆர்கனைசேஷன் டபிள்யூ.ஹெச்.' வேறு யாருமில்லை, உலக சுகாதார நிறுவனம்தான். அதையும் ஒரு மனிதர் என்று நினைத்து, கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக்கி, மற்ற இரண்டையும் இனிஷியலாகச் சுருக்கிவிட்டது. நிறுவனம் என்றால் பெயர்க் கட்டத்தின் பக்கத்தில் இருக்கும் சின்ன பட்டனை அழுத்தி இரண்டு கட்டத்தை ஒன்றாக்க வேண்டும். இது தெரிய எனக்கு ஒரு வாரம்.

உங்களுக்கு என்ன நடந்தது?

அறுவை அரங்கு

நான் உங்களைவிட மூத்தவன் தங்கச்சி, இன்னும் அதே பாடுதான். ஸோட்டெரோ போட்ட ஃபைலை எங்கள் துறைத் தலைவருக்கு அனுப்பினேன். அவர் ஃபோனில் திறந்து இரண்டு காற்புள்ளி சேர்த்து சேவ் செய்து அனுப்பிவிட்டார். என் கணினியில் திறந்தால் எண்கள் எல்லாம் வெறும் எழுத்து, பின்னால் இருந்த இணைப்பு ஒன்றுகூட இல்லை. இப்போதெல்லாம் பெரியவர்களுக்கு பிடிஎஃப் மட்டும்தான்.

இன்னொன்று. அட்டவணைக்குள் மட்டும் வரும் ரெஃபரன்ஸுக்கு என்ன எண்? நான் கடைசி எண்களைப் போட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். அந்த அட்டவணையை உரையில் முதன்முதலாக எங்கே குறிப்பிடுகிறோமோ, அந்த இடத்தின் வரிசைப்படிதான் எண். இப்படி வரிசைப்படி எண் போடுவதை வான்கூவர் முறை என்று சொல்கிறோமே, 1978-ல் மருத்துவ இதழ் ஆசிரியர்கள் சிலர் கனடாவின் வான்கூவரில் கூடிப் பேசியதிலிருந்து வந்த பெயர். ஒரே மாதிரி இருக்கட்டும் என்றுதான் கூடினார்கள். ஆனாலும் லான்செட் இதழ் ஆறு பேரைத் தாண்டினால் மூன்று பெயர்தான் கேட்கும், இன்னொரு இதழ் ஆறு கேட்கும்.

ஒற்றை இனிஷியல்

நம் ஊர்ப் பெயர்கள் தனிக் கதை. எனக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதலெழுத்துதான் இனிஷியல். முதல் பேப்பர் அனுப்பும்போது 'லாஸ்ட் நேம்' கட்டத்தைக் காலியாக விடமுடியவில்லை. 'ஆர்' என்று போட்டேன். மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தில் நான் 'ஆர் எம்', அவ்வளவுதான். அடுத்த பேப்பரில் உஷாராகி அப்பா பெயரை முழுசாகப் போட்டேன். இப்போது அந்தப் பேப்பரை எழுதியவர் அப்பா, நான் அவருடைய இனிஷியல். மூன்றாவதில் என் பெயரையே கடைசிப் பெயராக்கினேன். ஆக, நான் மூன்று பேர். ஆர்கிட் எண் (ஆய்வாளருக்கான அடையாள எண்) வாங்கி மூவரையும் ஒரே இடத்தில் சேர்த்து வைத்திருக்கிறேன்.

கூடப் படித்தவன் தன் பேப்பரில் என் பேப்பரை மேற்கோள் காட்டும்போது பாசத்தில் 'ஆர் எம்' என்பதைத் திருத்தி ஒழுங்கான பெயராகப் போட்டான். பப்மெட்டோடு ஒத்துப்போகவில்லை என்று இதழிலிருந்து கேள்வி வந்தது. பதிவில் எப்படி இருக்கிறதோ அப்படியே விடுங்கள், அசிங்கமாக இருந்தாலும்.

மயக்கவியல் மாணவி

என் தவறு வடிவத்தில் இல்லை, அதனால்தான் இன்னும் உறுத்துகிறது. ஓபியாய்டு (மார்ஃபின் வகை வலி மருந்து) கொடுத்தால் அடிமையாவது அரிது என்று ஒரு வரி எழுதி, 1980-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் என்ற மருத்துவ இதழில் வந்த ஒன்றை ரெஃபரன்ஸாகப் போட்டேன். வேறொரு பேப்பரின் பட்டியலிலிருந்து தூக்கியது. வடிவம் கச்சிதம், முற்றுப்புள்ளிகூடப் பிசகவில்லை. கைடு, "படிச்சியா?" என்று மட்டும் கேட்டார்.

தேடி எடுத்தேன். அது ஆய்வுக் கட்டுரையே இல்லை. இதழாசிரியருக்கு எழுதிய கடிதம், ஐந்தே வாக்கியம். 11,882 நோயாளிகளில் நான்கு பேர்தான் அடிமையானதாகப் பதிவாம். ஆனால் எல்லோரும் மருத்துவமனையில் சேர்ந்து இருந்தவர்கள். நான் எழுதியதோ வீட்டில் மாதக்கணக்காக மாத்திரை சாப்பிடுகிறவர்களைப் பற்றி. 2017-ல் அதே இதழில் யாரெல்லாம் அந்தக் கடிதத்தை எடுத்தாண்டார்கள் என்று எண்ணியிருக்கிறார்கள்: 608 இடங்கள். அவற்றில் 80 சதவீதம் போல, மருத்துவமனை என்ற சங்கதியைச் சொல்லவே இல்லை. 609-வதாக நான் சேர இருந்தேன்.

நூலக மேசை

மருத்துவக் கல்லூரி நூலகத்தில் இருக்கிறேன். இதழ்ப் பெயரின் சுருக்கத்தை மனதிலிருந்து போடாதீர்கள், அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் கேட்டலாக்கில் தேடினால் சரியானது கிடைக்கும். கோவிட் சமயத்தில் தீசிஸ் எழுதியவர்கள் பழைய பட்டியலை அப்படியே பேப்பருக்கு மாற்றும்போது ஒருமுறை பாருங்கள். கோவிட்டுக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மருந்து கொடுப்பது பற்றி 2020 மே மாதம் லான்செட்டில் வந்த கட்டுரை ஜூன் தொடக்கத்திலேயே திரும்பப் பெறப்பட்டது, ஆனாலும் அது இன்றுவரை பட்டியல்களில் வந்துகொண்டிருக்கிறது. ஸோட்டெரோவில் இருந்தால் சிவப்புப் பட்டை காட்டும்.

போன மாதம் ஒரு மாணவர் ஐந்து ரெஃபரன்ஸோடு வந்து, "இதெல்லாம் ஃபுல் டெக்ஸ்ட் எடுத்துத் தாங்க மேடம்" என்றார். மூன்று உலகத்திலேயே இல்லை. ஒன்றின் டிஓஐ (கட்டுரையின் இணைய அடையாள எண்) மண்ணியல் கட்டுரைக்குப் போனது. எங்கே கிடைத்தது தம்பி என்றேன். ஏஐ கொடுத்ததாம்.

இரவுப் பணி

அறுவை அரங்கு அண்ணா, அட்டவணை விஷயத்தை நானும் தப்பாகத்தான் செய்திருந்தேன். இப்போதுதான் பார்த்தேன்.

இரண்டாவது முறை ரிவியூவர் வரை போய்விட்டது. இரண்டாம் ரிவியூவர் முன்னுரையில் இன்னும் ஒரு பேப்பரைச் சேர்க்கச் சொன்னார் (அவருடையதாகத்தான் இருக்கும் என்று கைடு சிரித்தார்). முழுசாகப் படித்தேன், பொருத்தமானதுதான், சேர்த்தேன். அது 7-ல் போய் உட்கார்ந்தது, மற்றவை தானாக நகர்ந்துகொண்டன. கிரியாட்டினின் 3.4 இன்னும் 3.4-ஆகவே இருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.