தங்கம் தேடும் டிடெக்டருக்கு எந்தக் காயில்? அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்

டனோலி வழிப்போக்கன்

டிடெக்டர் வாங்கப் போகிறவர் கேட்கும் முதல் கேள்வி, எவ்வளவு ஆழம் போகும் என்பதுதான். அந்தக் கேள்வியிலிருந்துதான் 18 அங்குலக் காயில் (தண்டின் நுனியில் மண்ணுக்கு மேல் ஆட்டும் கம்பிச் சுருள் தட்டு) மீது ஆசை பிறக்கிறது. பல்லாரட், பென்டிகோ, டனோலி என்று ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்துத் தங்க முக்கோணத்தில் சுற்றுகிறவன் என்ற முறையில் என் கட்சி வேறு. இங்கே காயிலை ஆழத்துக்காக வாங்காதீர்கள். நிற்கப்போகும் மண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

1869இல் மோலியாகுலில் கிடைத்த 'வெல்கம் ஸ்ட்ரேஞ்சர்' கட்டியில் 70 கிலோவுக்கு மேல் தங்கம் இருந்தது. அது கிடந்தது தரைக்குக் கீழே ஓரிரு அங்குலத்தில், ஒரு மரத்தடியில். 1980இல் கிங்கோவரில் டிடெக்டரில் சிக்கிய 'ஹாண்ட் ஆஃப் ஃபெய்த்' 27 கிலோ. அதுவும் ஓரடி ஆழம்தான். அந்த ரகமெல்லாம் இனி நம் பங்குக்கு வராது. 1851 முதல் மண்வெட்டியாலும், கடந்த நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக டிடெக்டராலும் அலசி முடித்த பூமி இது. மிஞ்சியிருப்பதில் பெரும்பகுதி ஒரு கிராமுக்கும் கீழே. குன்றிமணி எடை, அரைக் குன்றிமணி எடை. பெரிய கண் வலையில் நெத்திலி நிற்காது.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். நம்மில் பலர் வைத்திருப்பது பல்ஸ் இன்டக்‌ஷன் வகை. காயில் மண்ணுக்குள் ஒரு காந்தத் துடிப்பை அனுப்பிச் சட்டென்று நிறுத்துகிறது. அந்த நொடியில் தங்கத்துக்குள் சுழல் மின்னோட்டம் எழுந்து, பிறகு அடங்குகிறது. கட்டி பெரியதென்றால் மெல்ல அடங்கும். சிறியதென்றால் சில மைக்ரோ நொடிகளில் செத்துவிடும். அதைப் பிடிக்க வேண்டுமானால் கருவி சீக்கிரமே காது கொடுக்க வேண்டும். ஆனால் அந்த ஆரம்பக் கணத்தில் இரும்பு மிகுந்த செம்மண்ணும் உரத்துக் கத்துகிறது. இந்த இழுபறிதான் காயில் விவகாரம் முழுவதும். பெரிய காயில் ஒரே நேரத்தில் நிறைய மண்ணைக் கேட்கிறது. அந்த இரைச்சலில் பொடித் தங்கத்தின் குரல் அமுங்கிவிடுகிறது. சின்னக் காயிலில் புலம் ஒரே இடத்தில் குவிவதால் குன்றிமணியும் பேசுகிறது.

டனோலிக்கு வடக்கே அயன்பார்க் மரங்களுக்கு நடுவே ஒரு ஓடைப் பள்ளம். அடிப்பாறை முழங்கை ஆழத்தில் தட்டும். என் ஜிபிஎக்ஸ் 5000 டிடெக்டருடன் வரும் 11 அங்குல மோனோவில் (ஒரே கம்பிச் சுற்றுள்ள காயில்) அந்தப் பள்ளம் ஊமை. 8 அங்குல மோனோவை மாட்டியதும், பழைய தொழிலாளிகள் மண்ணை அள்ளிக் குவித்த மேட்டின் விளிம்பிலேயே சத்தம் வந்தது. தங்கம் முன்பும் அங்கேதான் இருந்தது.

இன்று இரண்டே இரண்டு காயில்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் என் தேர்வு: 14×9 அங்குல முட்டை வடிவ மோனோ ஒன்று, 8 அங்குலம் ஒன்று. முட்டை வடிவத்தின் நுனி புதருக்கும் வேருக்கும் இடையே நுழையும். அது ஒன்றுக்காகவே அதற்குக் காசு கொடுக்கலாம்.

கல்கூர்லிவாசி

அண்ணா சொல்வது விக்டோரியாவுக்குச் சரி. மேற்கு ஆஸ்திரேலியாவுக்கு அதை அப்படியே தூக்கி வராதீர்கள். இங்கே திறந்த வெளி. கண்ணுக்கெட்டிய தூரம் சிவப்பு மண்ணும் முல்கா மரங்களும்தான். தங்கம் எங்கே இருக்கிறது என்பதே தெரியாத நிலத்தில் 8 அங்குலக் காயிலை ஆட்டிக்கொண்டு போனால் ஒரு நாளில் ஒரு வீட்டு மனை அளவுகூட முடியாது. நான் 17 அங்குல முட்டை வடிவ மோனோவை வைத்து வேகமாக அளந்துகொண்டு போவேன். ஒரு கட்டி கிடைத்துவிட்டால் அந்த இடத்தைச் சுற்றிச் சங்கிலி இழுத்து அடையாளம் போட்டுவிட்டு, அப்புறம்தான் சின்னக் காயில். தேடுவதற்கு ஒன்று, துடைப்பதற்கு ஒன்று.

இன்னொன்று உப்பு. உப்பேரிக் கரையில், அதுவும் மழை பெய்து ஈரம் காயாத மண்ணில், மோனோ வெறிபிடித்ததுபோல் கூவும். அது மண்ணின் இரும்பு செய்கிற வேலையல்ல. உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்துவதால் வருவது. அங்கே டபுள் டி என்ற வகைக் காயில்தான் தெய்வம். ஜிபிஎக்ஸ் 6000உடன் 11 அங்குல மோனோவோடு 14 அங்குல டபுள் டி ஒன்றும் தருகிறார்கள். பலர் அதைப் பெட்டியை விட்டே எடுப்பதில்லை. உப்புத் தரையிலும் மின்கம்பி அருகிலும் அதற்கு இருக்கும் மதிப்பு மோனோவுக்குக் கிடையாது.

டபுள் டி என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: மோனோவில் ஒரே கம்பிச் சுற்றுதான் அனுப்பவும் செய்கிறது, கேட்கவும் செய்கிறது. டபுள் டியில் இரண்டு சுற்றுகள், ஒன்றின் ஓரம் மற்றதன் மீது ஏறி நிற்கும். மண்ணின் இரைச்சல் குறையும். ஆழத்திலும் சிறு தங்கத்திலும் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும்.

மேரிபரோ அக்கா

தம்பிமார் இருவரும் காயிலைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் காதைப் பற்றிச் சொல்கிறேன். விலை கொடுத்து வாங்கிய காயிலைச் சரியாகச் சுருதி கூட்டாமல் காட்டுக்குள் இழுத்துக்கொண்டு திரிகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

ஹெட்போனில் எப்போதும் மெல்லிய ரீங்காரம் ஒன்று ஓட வேண்டும். தங்கம் பெரும்பாலும் உரக்கக் கூப்பிடாது. அந்த ரீங்காரத்தில் ஒரு சின்னச் சுளிப்பாகத்தான் வரும். ரீங்காரமே நடுங்கிக்கொண்டிருந்தால் சுளிப்பு எப்படிக் கேட்கும்? ஆகவே காலையில் முதல் வேலை, குறுக்கீட்டை ஒதுக்குவது. காயிலை அசைக்காமல் பிடித்துக்கொண்டு, கருவி அமைதியான அலைவரிசையைத் தானே தேடிக்கொள்ளும்வரை காத்திருப்பேன். பழைய ஜிபிஎக்ஸ் கருவிகளில் அதற்கு ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடத்துக்குப் பொறுமையில்லாதவர் மீன் பிடிக்கவும் போகக் கூடாது. கணவரும் டிடெக்டர் வைத்திருப்பதால் அவரை நன்றாகத் தள்ளி நிற்கச் சொல்லிவிடுவேன். இரண்டு கருவிகள் பக்கத்தில் இருந்தால் ஒன்றின் துடிப்பு மற்றதன் காதில் விழும். தொலைவில் இடி மின்னல் இருந்தாலும், மாட்டுப் பண்ணையின் மின்வேலி இருந்தாலும் இதே தொல்லைதான். காயில் பெரிதாக ஆக இந்தக் குறுக்கீட்டையும் அது அதிகம் வாங்கிக்கொள்கிறது. விளம்பரங்களில் இதைச் சொல்ல மாட்டார்கள்.

அடுத்தது கிரவுண்ட் பாலன்ஸ், அதாவது மண்ணின் சத்தத்தைக் கருவி ஒதுக்கும்படி சமன் செய்வது. ஆணியோ துப்பாக்கி ரவையோ இல்லாத சுத்தமான இடமாகப் பார்த்து, காயிலைத் தரையிலிருந்து மேலே தூக்கி இறக்கி, சத்தம் மாறாமல் நிற்கும்வரை சமன் செய்ய வேண்டும். மண் நிறம் மாறினால் மறுபடியும். தானாகச் சமன் செய்துகொள்ளும் வசதியை நம்பி இருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: மெல்லிய சத்தம் வரும் இடத்தின் மேலேயே காயிலைத் திரும்பத் திரும்ப ஆட்டினால், கருவி அதையும் மண் என்று எடுத்துக்கொண்டு மறைத்துவிடக்கூடும். சந்தேகம் வந்த இடத்தில் நான் நிலையான அமைப்புக்கு மாற்றிவிடுவேன்.

பிறகு கெயின், அதாவது கருவியின் உணர்திறன் அளவு. அதிகம் வைத்தால் அதிகம் கிடைக்கும் என்பது ஆண்களின் கணக்கு. சலசலப்பு அடங்கும்வரை குறைத்துவிட்டு மெதுவாக, தரையை உரசுகிற உயரத்தில், முந்தைய வீச்சின் பாதியை மூடுகிற மாதிரி ஆட்டுங்கள்.

சத்தம் வந்ததும் குந்தாலியை ஓங்காதீர்கள். குறுக்குவாட்டிலும் ஒருமுறை ஆட்டிப் பாருங்கள். காலால் இரண்டு விரற்கடை மண்ணைத் தள்ளிவிட்டு மறுபடி கேளுங்கள். மண்ணின் விளையாட்டு என்றால் மங்கும், அல்லது கூடவே நகரும். உலோகம் என்றால் கூர்மையாகும். அதற்குப் பிறகும் அது தங்கம்தான் என்று சத்தியம் செய்ய முடியாது. வேட்டைக்காரர்களின் ஈயக் குண்டும் தங்கத்தைப் போலவே பேசும். என்னைக் கேட்டால் அது நல்ல அறிகுறி: ஈயக் குண்டு கேட்கிறதென்றால் அதே அளவு தங்கமும் கேட்கும். ஈயமே கிடைக்காத பள்ளத்தில்தான் காயிலைச் சந்தேகிக்க வேண்டும்.

பொய்ச் சத்தம் தொல்லை கொடுத்தால், மண்ணைத் திட்டுவதற்கு முன்பு மூன்றைப் பாருங்கள். காயிலின் அடிமூடிக்குள் செம்மண் சேர்ந்திருக்கிறதா? கேபிள் தண்டில் இறுகச் சுற்றியிருக்கிறதா, ஆடுகிறதா? பிளக் இறுக்கமாக இருக்கிறதா? பழைய காயில் ஒன்றை இணையத்தில் வாங்கினேன். விற்றவர் புதிது போல என்றுதான் எழுதியிருந்தார். காய்ச்சல்காரன் மாதிரி பிதற்றியது. பிரித்துப் பார்த்தால் ஓட்டின் விரிசல் வழியே உள்ளே ஈரம். பணம் திரும்பி வரவில்லை. அதிலிருந்து காயிலைக் கையால் தட்டிப் பார்க்காமல் நான் பணம் கொடுப்பதில்லை. மெதுவாகத் தட்டினாலே அலறுகிற காயிலைக் காட்டுக்குள் கொண்டு போனால் ஒவ்வொரு குச்சியும் தங்கமாகக் கேட்கும்.

கோலார் பேரன்

வணக்கம். நான் ஆஸ்திரேலியாவில் இல்லை. தாத்தா கோலார் தங்க வயலில் வேலை பார்த்தவர். 2001இல் சுரங்கம் மூடிய பிறகு குடும்பம் பெங்களூருக்கு வந்துவிட்டது. ஊரில் அந்த சயனைடு மேடுகள் இன்னும் மலைபோல் நிற்கின்றன. அதில் தங்கம் இருக்கிறது என்று எல்லாரும் சொல்கிறார்கள். 45 கிலோஹெர்ட்ஸ் டிடெக்டர் ஒன்று விலைக்கு வருகிறது. சின்னக் காயில் போட்டால் அங்கே ஏதாவது கேட்குமா? நீலகிரியில் தேவாலா, பந்தலூர் பக்கமும் பழைய தங்கச் சுரங்கங்கள் உண்டு என்கிறார்களே, அங்கே?

டனோலி வழிப்போக்கன்

தம்பி, வாங்காதீர்கள்.

அந்த மேட்டில் தங்கம் இருப்பது உண்மை. ஆனால் அது பாறையை மாவாக அரைத்து, சயனைடு கொண்டு எடுத்தது போக எஞ்சிய தூசி. கண்ணுக்கே தெரியாத துகள்கள். டிடெக்டர் மொத்தத் தங்கத்தைக் கூட்டிக் கேட்பதில்லை. சுழல் மின்னோட்டம் ஓட ஒட்டுச் சேர்ந்த ஒரே துண்டு உலோகம் வேண்டும். ஒரு டன் மண்ணில் பரவிக் கிடக்கும் தூசிக்கு எந்தக் காயிலும் செவிடுதான். இங்கேயே வெண்ணிறக் குவார்ட்ஸுக்குள் தங்கம் கடற்பஞ்சு போல் ஓட்டை ஓட்டையாகப் படிந்திருந்தால், பெரிய பல்ஸ் கருவி அதைத் தாண்டிப் போய்விடுவதுண்டு. அந்தக் கல்லைக் கையில் எடுத்து அதிக அலைவரிசைக் கருவியில் காட்டினால்தான் முனகும். 45, 71 கிலோஹெர்ட்ஸ் கருவிகளுக்கு அப்படி ஓர் உபயோகம் உண்டு. பாறை இடுக்கில் பொடித் தங்கம் தேடவும் நல்லவை. மண்ணில் இரும்பு அதிகம் என்றால் அவை திணறும்.

தேவாலா பக்கம் 1880 வாக்கில் ஆங்கிலக் கம்பெனிகள் தோண்டிக் கைவிட்டது பாறைக்குள் ஓடும் தங்கத்தை. நம்மைப் போல் மேல்மண்ணில் கட்டி பொறுக்குகிற நிலம் அதுவல்ல. எல்லாவற்றுக்கும் மேலே சட்டம். விக்டோரியாவில் மைனர்ஸ் ரைட் என்ற உரிமம் எடுத்தால் பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். அனுமதித்த அரசு நிலத்தில் தேடிக் கிடைத்ததை வைத்துக்கொள்ளலாம், குழியை மூடிவிட வேண்டும். இந்தியாவில் பொழுதுபோக்காகத் தங்கம் தேடுகிறவருக்கு அப்படி ஒரு சீட்டு கிடையாது. கைவிட்ட சுரங்கத்தின் வாய்ப் பக்கம் தயவுசெய்து போகவே வேண்டாம்.

கோலார் பேரன்

நன்றி ஐயா. தாத்தாவும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னார், கொஞ்சம் கடுமையான வார்த்தைகளில்.

கல்கூர்லிவாசி

அக்கா சொன்ன தட்டிப் பார்க்கும் சோதனையோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புதுக் காயில் வந்ததும் ஒரு ஈயக் குண்டைத் துணியில் முடிந்து, நீங்கள் தேடப்போகும் அதே மண்ணில் ஒரு விரல் ஆழத்தில் புதைத்துக் கேளுங்கள். பிறகு இரண்டு விரல், மூன்று விரல் என்று இறக்குங்கள். காற்றில் காசை ஆட்டிப் பார்த்து ஆழம் அளக்கும் காணொளிகள் எதற்கும் உதவாது, காற்றில் இரும்பு கிடையாது. டைமிங்கை (மண்ணுக்கு ஏற்பக் கருவியில் மாற்றும் அமைப்பு) நார்மலில் ஒருமுறை, என்ஹான்ஸில் ஒருமுறை வைத்து, எதில் குண்டு கேட்கிறது, எதில் மண் கத்துகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் காயிலுக்கும் அந்த மண்ணுக்கும் எது ஒத்துப்போகிறது என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். வேலை முடிந்ததும் குண்டை எடுத்துவிடுங்கள், அடுத்து வருகிறவர் பாவம்.