ஹேஷ்: ரேகையா, துமியெண்ணா, கொத்தெண்ணா?

கோத்தகிரி ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். வியாழனன்று அச்சகம் போகவேண்டிய கையேடு ஒரே சொல்லில் மாட்டி நிற்கிறது. பிள்ளைகள் ஊர் ஊராய்ப் போய்ப் பாட்டிகளின் படகர் மொழிப் பாட்டு, தோடர் பூத்தையல் படம், திருவிழாக் காணொளி எல்லாம் சேர்த்திருக்கிறார்கள். மழைக்கு மரம் சாய்ந்தால் இணைப்பு போய்விடும். அதனால் ஒரே இடத்தில் குவிக்காமல் ஹட்டிக்கு, அதாவது படகர் ஊருக்கு, ஒரு பழைய கணினி. எது எங்கே இருக்கிறது என்று தேட 'டிஸ்ட்ரிபியூட்டட் ஹேஷ் டேபிள்'. பரவல், அட்டவணை சரி. ஹேஷுக்கு? ஹேஷ் என்பது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்டு எடுக்கும் எண்; ஆளுக்கொரு கைரேகை போலக் கோப்புக்கொரு எண் என்பதால் 'ரேகை' என்று எழுதியிருக்கிறேன்.

கூடலூர் புலவர்:
ரேகை வடசொல், அம்மா. ஹேஷ் பிரெஞ்சில் 'வெட்டு' என்ற வினையிலிருந்து வந்தது. நம்மிடம் வெட்டுவதற்குத் துமித்தல் இருக்கிறதே! கம்பர் பாட்டில் வைத்த 'துமி' என்ற சொல்லுக்கு ஒட்டக்கூத்தர் சான்று கேட்க, கலைமகளே மோர் கடையும் ஆய்ச்சியாக வந்து, 'துமி தெறிக்கும், தள்ளிப் போங்கள்' என்று பிள்ளைகளை விரட்டினாளாம். துமியெண் என்க. போகிற போக்கில் ஒன்று: ஹட்டி நம் பட்டியேதான். கன்னடத்தில் பால் ஹாலு ஆனதுபோல, பள்ளி ஹள்ளி ஆனதுபோல...

குன்னூர் நிரலர்:
ஐயா, அந்தக் கதையில் தெறிப்பது துளி, வெட்டு இல்லையே. எனக்குச் சண்டை ரேகையோடு, ஆனால் வடசொல் என்பதற்காக அல்ல. கோப்பில் ஒரு பிட் மாறினாலே ஷா-1 என்ற ஹேஷ் முறை தரும் 160 பிட் எண் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். ஒரே பாட்டியை இரண்டு பிள்ளைகள் இரண்டு செல்போனில் பதிந்தால் இரண்டு எண். ரேகை அப்படியா? ஈரக் கையால் வைத்தாலும் ஆள் அதே ஆள்தான். ஒலிக்கு அப்படி ஒன்று தனியாக உண்டு. மழைச் சத்தத்துக்கு நடுவிலும் ஷாஸம் செயலி பாட்டைக் கண்டுபிடிப்பது அதை வைத்துத்தான். உங்கள் ஆறாம் பாடத்தில் வருகிறது. ரேகையை அதற்கு வைத்திருங்கள், இங்கே செலவழிக்காதீர்கள்.
ஹேஷுக்குக் கொத்தெண். கொத்துப் பரோட்டாவிலிருந்து முழுப் பரோட்டாவை மீட்க முடியுமா?

கோத்தகிரி ஆசிரியை:
பசியைக் கிளப்பிவிட்டீர்கள், தம்பி. சரி, பிள்ளை 'அறுவடை' என்று தட்டினால் கொத்தெண் எப்படிக் கண்டுபிடிக்கும்?

குன்னூர் நிரலர்:
கண்டுபிடிக்காது. விவரக்குறிப்பில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாகக் கொத்தி, அந்த எண்ணுக்குரிய கணினியில் கோப்புப் பட்டியலை வைக்க வேண்டும். 'அறுவட' என்று பாதி தட்டினால் ஒன்றும் வராது. 2000-இல் வந்த நுட்டெல்லா என்ற கோப்புப் பகிர்வு முறை, அக்கம்பக்கத்துக் கணினிகளை எல்லாம் கேட்டுக் கேட்டு வலையையே திணறடித்தது. 2001-இன் கார்ட் என்ற பரவல் ஹேஷ் அட்டவணை முறையில் ஆயிரம் கணினி இருந்தாலும், கணினி விட்டுக் கணினி ஏறத்தாழப் பத்துத் தாவல்தான்.

உதகை நூலகர்:
கொத்து என்றால் எனக்குப் பூங்கொத்து. கணினிகளின் கூட்டமான கிளஸ்டரையும் கொத்து என்றுதானே எழுதுகிறோம்? 'கொத்தெண் 3' என்றால் மூன்றாம் கொத்து என்றே பிள்ளை படிக்கும். ஹேஷ் என்றே விடுங்கள். ஹட்டி என்று சொல்லும் வாய்க்கு ஹேஷ் வராதா?

கோத்தகிரி ஆசிரியை:
புதன் இரவு பதினொன்று. கொத்தெண்ணுக்கு நான்கு, ஹேஷுக்கு மூன்று, துமியெண்ணுக்கு ஒன்று. முதலில் வருமிடத்தில் 'ஹேஷ் எனும் கொத்தெண்', பிறகு கொத்தெண் மட்டும். நூலகர் ஐயா பொறுத்தருள்க.

கூடலூர் புலவர்:
அந்த ஒன்று நான்தான். துளியும் வெட்டுண்ட நீர்தானே? ஹட்டிக்குத் தனி இழை தொடங்குகிறேன்.